மூன்று நாட்டுச் சிறைகளைக் கண்ட அயர்லாந்துப் பெண்மணி மார்கரெட் கசின்ஸ்

இந்திய நாட்டுப் பண்ணை மேற்கத்திய இசைக் குறிப்பில் எழுதியவர் யார்? இந்தியாவில் மாஜிஸ்திரேட் பதவி வகித்த முதல் பெண் யார்? அயர்லாந்து, இங்கிலாந்து, இந்தியா என மூன்று நாட்டுச் சிறைகளிலும் இருந்த பெண்கள் இயக்கத் தலைவி யார்?

பொது அறிவுப் புதிர்ப் போட்டியில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால் பலர் மூன்று வெவ்வேறு பெயர்களைத் தேடுவார்கள். ஆனால் மூன்றுக்கும் விடை ஒருவரே. அவர் பெயர் மார்கரெட் கசின்ஸ்.

1878ஆம் ஆண்டு அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் உள்ள பாயில் என்னும் சிற்றூரில், பிள்ளைகள் நிறைந்த ஒரு குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். இசையில் நாட்டம் கொண்ட அவர் டப்ளின் சென்று பயின்று இசைப் பட்டதாரியானார். 1903இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். கணவன் மனைவி இருவருமே சைவ உணவுக்காரர்கள். அன்றைய அயர்லாந்தில் அது அரிது.

சன்னல்களை உடைத்த இசை ஆசிரியை

அந்நாளில் அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. ஆண்களில் பலருக்கு இருந்த வாக்குரிமை, நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களில் ஒருவருக்கும் இல்லை. 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்பவருடன் சேர்ந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை மார்கரெட் தொடங்கினார்.

1910இல் இலண்டனில் நடந்த போராட்டத்தில் கைதாகி ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். அதன் பிறகுதான் பெரிய ஏமாற்றம் வந்தது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அதில் பெண்களுக்கு வாக்குரிமை சேர்க்கப்படவில்லை. நாட்டின் விடுதலைக்காகக் குரல் கொடுத்த தலைவர்களே அதற்காக வாதாட முன்வரவில்லை.

1913 சனவரியில் அதைக் கண்டித்து டப்ளின் கோட்டையின் சன்னல்களை மார்கரெட்டும் தோழியரும் உடைத்தனர். ஒரு மாதச் சிறை. துல்லமோர் சிறையில் தங்களை அரசியல் கைதிகளாக நடத்த வேண்டும் என்று கேட்டு அவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர்.

நாட்டுக்கு விடுதலை வரும்போது பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதை மார்கரெட் தம் சொந்த மண்ணில் கற்றுக்கொண்டார். பின்னாளில் சென்னையில் அவர் செய்த வேலைகளுக்கு அந்தப் பாடமே வழிகாட்டியது.

சென்னைக்கு வந்த பயணம்

அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று, 1915இல் கசின்ஸ் தம்பதியர் சென்னைக்கு வந்தனர். அம்மையாரின் நாளிதழில் ஜேம்ஸ் பணியாற்றினார். 1916இல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களைப் புகழ்ந்து எழுதியதால் அந்த வேலை போயிற்று. இருவரும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்குச் சென்றனர். ஜேம்ஸ் அங்குள்ள பிரம்மஞானக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார்.

1919 பிப்ரவரியில் கவிஞர் தாகூர் அந்தக் கல்லூரியில் சில நாள் தங்கினார். 1911இல் தாம் எழுதிய ஜன கண மன பாடலை அங்குப் பாடினார். மெட்டு தாகூருடையது. அதைக் கேட்டு மேற்கத்திய இசைக் குறிப்பில் எழுதி வைத்தவர் மார்கரெட். அந்தப் பாடல்தான் 1950இல் இந்தியாவின் நாட்டுப் பண்ணாயிற்று.

ஒரு விண்ணப்பத்தில் சேர்ந்த கோரிக்கை

1917 மே மாதம் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவானது. அன்னி பெசன்ட் தலைவர். அதைத் தொடங்குவதில் முன்னின்றவர்களில் மார்கரெட்டும் ஒருவர். சங்கத்தின் ஸ்திரீ தர்மம் இதழை நடத்தும் பொறுப்பையும் அவர் ஏற்றார்.

அதே ஆண்டு, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்க இந்தியா வந்தார். பெண் கல்வி, சமூகச் சீர்திருத்தம் குறித்துப் பேச நேரம் கேட்டு மார்கரெட் விண்ணப்பம் எழுதினார். அரசியல் கோரிக்கை கொண்டுவருவோரை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் என்று பதில் வந்தது. மார்கரெட் பின்வாங்கவில்லை. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கையை விண்ணப்பத்தில் சேர்த்தார்.

1917 டிசம்பர் 18ஆம் நாள் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது. தலைமை ஏற்றவர் சரோஜினி நாயுடு.

பிரிட்டிஷ் அரசு உடனே இணங்கவில்லை. முடிவை அந்தந்த மாகாண சட்டமன்றங்களிடமே விட்டது. 1921இல், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்துத் தகுதி இருந்ததால் குறைந்த எண்ணிக்கையிலான பெண்களே பயன் பெற்றனர். ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

பின்வரிசையில் நின்றவர்

1920களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக மார்கரெட் நியமிக்கப்பட்டார். 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயைப் போட்டியிடத் தூண்டியவரும் அவரே. கமலாதேவி குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று மாதர் சங்கமும் வலியுறுத்தியது. அதன் பயனாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றம் சென்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1927 சனவரியில் பூனாவில் கூடிய அனைத்திந்திய மாதர் மாநாட்டுக்கும் வித்திட்டது மார்கரெட் எழுதிய ஒரு மடல்தான். எழுதுவது, ஆள் சேர்ப்பது, கூட்டம் கூட்டுவது எல்லாம் அவர் வேலை. மேடையில் இந்தியப் பெண்களே நிற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1932இல் அரசின் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துச் சென்னையில் பேசியதற்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்று வேலூர்ச் சிறைக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 54.

1940களில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. சென்னை அரசும் பின்னர் பிரதமர் நேருவும் அவருக்கு நிதி உதவி அளித்தனர். படுக்கையில் இருந்தபோதே இந்தியா விடுதலை பெற்றது. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அதில் சொத்து, படிப்பு என்ற எந்தத் தகுதியும் கேட்கப்படாமல், ஆண்களைப் போலவே வயது வந்த பெண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை இருந்தது. டப்ளினில் சன்னல் உடைத்துக் கேட்டதை, அடையாற்றில் படுத்திருந்தபடி அவர் கண்டார்.

1954 மார்ச் 11ஆம் நாள் மார்கரெட் கசின்ஸ் அடையாற்றில் காலமானார். முத்துலட்சுமியையும் சரோஜினியையும் தமிழர்கள் மறக்கவில்லை. அவர்கள் நின்ற மேடைகளை அமைக்கத் தோள் கொடுத்த அயர்லாந்துப் பெண்மணியின் பெயரும் புதிர்ப் போட்டி மேடைகளில் ஒலிக்க வேண்டும்.