பிரிக்கப்படாத இலாபம்

வாராவாரம் படலையில் வந்து நிற்கும் நுண்கடன் வசூலிப்பாளர்களைப் பற்றி எழுத வன்னிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜேர்மனியர் நினைவுக்கு வருவார். பிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன், 1818இல் பிறந்தவர். கண் நோயால் இராணுவத்தை விட்டு விலகி, 1845இல் வெயர்புஷ் என்ற கிராமப் பகுதிக்கு மேயரானார்.

1846-47 பஞ்சத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி, ஏழைகளுக்குப் பாணைக் கடனுக்குக் கொடுத்தார். பின்னர் வேறு ஊரில், வட்டிக்காரரிடம் சிக்கிய விவசாயிகள் மாடு வாங்கத் தவணைக்கடன் கொடுத்தார். ஆனால் வசதியானவர்களின் ஆர்வம் மெல்ல வடிந்தது. நிவாரணம் வந்து நின்றுபோனதைக் கண்ட எங்களுக்கு இது புதிதில்லை.

1864இல் ஹெடஸ்டோர்பில் வழியை மாற்றினார். கடன் வேண்டுமானால் அங்கத்தவராக வேண்டும். சங்கத்தின் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஊரவரின் சேமிப்பும் அங்கேயே வைப்பாகும். கூட்டுப் பொறுப்பை நுண்கடன் குழுக்களும்தான் சொல்கின்றன. ஆனால் அங்கே கட்டும் வட்டி ஊருக்குத் திரும்புவதில்லை. ரைபைசனோ, இலாபத்தை யாருக்கும் பிரிக்கக்கூடாது, பொது ஒதுக்கில் சேர வேண்டும் என்று நின்றார். கையில் காசில்லாத சனத்திடம் இதைக் கேட்பது கடுமைதான். என்றாலும் அடுத்த கெட்ட வருடத்துக்கு அவர்களிடம் இருந்தது அந்த ஒதுக்குத்தான்.

பார்வை மங்கியபின் மகள் அமாலியா அவருக்காக எழுதினார். 1866இல் அவருடைய நூல் வெளிவந்தது. 1888 மார்ச்சில் இறந்தார்.

எங்கள் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் அவர் வழி வந்தவை. நான் போன ஒரு கிராமத்தில் சங்கத்தின் பழைய கணக்குப் புத்தகங்கள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. பெண்கள் புதுக் கொப்பி வாங்கி, முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.