துறைமுகத்தில் பணியாற்றிய கணித மேதை

ராயபுரத்தில் வாழும் நமக்குச் சென்னைத் துறைமுகம் அயலிடம் அன்று. நம் முன்னோர் பலர் அங்கு மூட்டை சுமந்து பிழைத்தவர்கள். அத்துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் ஊதியத்திற்கு எழுத்தராகச் சேர்ந்தார் ஓர் இளைஞர். அவரே சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார்; பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழிப்பது அவர் வழக்கம். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அதிகாரி நாராயண ஐயரும் அவரை இனங்கண்டு ஆதரித்தனர். பட்டமில்லாத அந்த எழுத்தர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17இல் சென்னையிலிருந்தே கப்பலேறினார்.

இங்கிலாந்தில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது காண வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும் அதில் சிறப்பேதும் இல்லை என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இருவகையில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்றார். 10³, 9³ ஆகியவற்றைக் கூட்டினாலும் 1729. 12³, 1³ ஆகியவற்றைக் கூட்டினாலும் 1729.

நம் பிள்ளைகள் அடுக்குக்குறி விதிகளைப் பொருளறியாமல் மனனம் செய்து தேர்வில் குழம்புவதைக் காண்கிறோம். அவர்கள் இந்த 12³ ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். 12 என்பது 2²×3. அதன் கனத்தில் 2² மூன்று முறை வரும்; இரண்டிரண்டாக மூன்று முறை, ஆக ஆறு இரண்டுகள். எனவே அடுக்குகளைப் பெருக்கி 2⁶ என்கிறோம். 3 தனக்குரிய 3³ஐப் பெறும். 64×27=1728. ஆனால் 2³×2² என வந்தால் மூன்று இரண்டுகளுடன் மேலும் இரண்டு சேர்கின்றன. அங்கே அடுக்குகளைக் கூட்டி 2⁵ என எழுத வேண்டும். பிள்ளைகள் இடறுமிடம் இதுவே. இக்கூட்டல் விதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பக்தாதின் அஸ்-ஸமவ்அல் தமது ‘அல்-பாஹிர்’ நூலில் அட்டவணையிட்டு விளக்கியது மதரஸாவில் ஓதிய நமக்குத் தனி மகிழ்ச்சி.

1918இல் இராயல் சொசைட்டி இராமானுஜனை உறுப்பினராக்கியது. மறு ஆண்டு தாயகம் திரும்பினார். உடல்நலம் தேறவில்லை. 1920 ஜனவரியிலும் தாம் கண்ட புதிய கணிதத்தை ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். ஏப்ரல் 26இல் சென்னை சேத்துப்பட்டில் மறைந்தபோது அவருக்கு வயது 32.