தரையாக மட்டும் நிற்க மறுத்த கருவி: சார்லஸ் மிங்கஸின் வாழ்வும் இசையும்

ஜாஸ் இசைக்குழுவில் ஆளுயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கருவி டபுள் பாஸ். அதன் நான்கு தடித்த தந்திகள் பெரும்பாலும் வில்லால் அல்ல, விரல்களாலேயே மீட்டப்படுகின்றன. தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரம் என நடந்து, டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பியானோவும் நின்று ஆடுவதற்கான தரையை அது அமைத்துக் கொடுக்கிறது. தரையை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை; நெடுங்காலம் பாஸ் கலைஞர்களின் நிலையும் அதுவே. அக்கருவியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் மிங்கஸ். அவர் பாஸைக் கையில் எடுத்ததற்குப் பின்னால் ஒரு விலக்கல் இருந்தது.

1922 ஏப்ரல் 22 அன்று அரிசோனா மாநிலத்தின் நோகாலஸ் நகரில் இராணுவ வீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் மிங்கஸ். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்த அவர், லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தார். சிற்றன்னையுடன் சென்ற தேவாலயத்தில் கேட்ட கூவலும் கைத்தட்டலும் அவரது இசையில் இறுதிவரை ஒலித்தன. தோல் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கருப்பினத்தவருக்குள்ளேயே மேல் கீழ் பார்க்கும் பேச்சைச் சொந்த வீட்டில் கேட்டு வளர்ந்ததை அவர் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். படிநிலைப்பட்ட சமத்துவமின்மையின் இந்த முகம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று.

அவர் முதலில் ட்ரம்போனும் பின்னர் செல்லோவும் பயின்றார். செல்லோ ஐரோப்பியச் செவ்வியல் இசையின் கருவி. அன்றைய அமெரிக்காவின் சிம்பொனி இசைக்குழுக்களோ கருப்பினக் கலைஞருக்குக் கதவடைத்திருந்தன. எவ்வளவு தேர்ச்சி பெற்றாலும் அங்கே இடம் கிடைக்காது என்பதை உணர்த்தி, பாஸுக்கு மாறச் சொன்னவர் அவருடைய இளமைக்கால நண்பர் பட்டி கோலெட். மிங்கஸ் மாறினார்; ஆனால் செவ்வியல் இசையைக் கைவிடவில்லை. ஜாஸ் கலைஞர் ரெட் கேலண்டரிடமும், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் வாசித்த ஹெர்மன் ரைன்ஷாகனிடமும் பாடம் கேட்டார்.

அவருக்கு முன்பே வழி திறந்தவர் ஜிம்மி பிளான்டன். டியூக் எலிங்டனின் குழுவில் 1939 முதல் சுமார் ஈராண்டுகள் மட்டுமே வாசித்து, காசநோயால் 23 வயதில் மறைந்தவர். பாஸ் தாளத்தைத் தாங்குவதோடு நில்லாமல் ஊதுகருவியைப் போல மெட்டும் பாடும் என்று காட்டியவர் அவர். மிங்கஸ் அந்த வழியில் மேலும் சென்றார். இருப்பினும் லூயி ஆம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன் ஆகியோரின் குழுக்களில் வாசித்த அவரே வருமானத்துக்காக அஞ்சல் துறையில் வேலை பார்க்க நேர்ந்தது. பிறகு ரெட் நார்வோவின் மூவர் குழு அவருக்குப் புகழைத் தந்தது. மற்ற இருவரும் வெள்ளையர். 1951இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவருக்குப் பதில் வெள்ளையர் ஒருவர் அமர்த்தப்பட்டார். தொழிற்சங்க அட்டை இல்லாததே காரணமாகச் சொல்லப்பட்டது. நிறமே காரணம் என்று கருதிய மிங்கஸ் குழுவை விட்டு வெளியேறினார்.

இசையைப் படைப்பவர்கள் ஓரிடத்திலும், அதை விற்றுப் பொருளீட்டுபவர்கள் வேறிடத்திலும் இருந்த காலம் அது. 1952இல் மிங்கஸ், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் இணைந்து டெபு என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1953 மே மாதம் டொராண்டோவின் மாஸி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல் ஆகியோருடன் இவ்விருவரும் வாசித்த புகழ்பெற்ற கச்சேரி இந்த நிறுவனத்தின் வழியாகவே வெளிவந்தது. அப்பதிவில் பாஸ் சரியாகக் கேட்கவில்லை. மிங்கஸ் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் பகுதியை மீண்டும் வாசித்துச் சேர்த்தார். கேட்கப்படாமல் போவதை அவர் ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை.

1957 செப்டம்பரில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் ஒன்பது கருப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்க ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலப் படையை நிறுத்தினார். மிங்கஸின் விடை 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. அது கண்ணீர்ப் பாட்டு அன்று, கேலி. அதிகாரத்தைத் தள்ளாடி நடக்கும் கோமாளியாக்கிக் காட்டும் மெட்டு. 1959இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'மிங்கஸ் ஆ அம்' தொகுப்பில் அது பாடல் வரிகள் இல்லாமல் வந்தது. மறு ஆண்டே கேண்டிட் என்னும் சிறு நிறுவனத்துக்காக ஆளுநரின் பெயரைச் சொல்லி ஏளனம் செய்யும் வரிகளோடு அதை மீண்டும் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்குத் தணிக்கை என்பது எதை வெட்டி எடுக்கிறது என்பது விளங்கும்.

மிங்கஸைப் போற்றும்போது மறைக்கக் கூடாத பக்கமும் உண்டு. அவரது கோபம் பல வேளைகளில் அதிகாரத்தின் மீதல்ல, உடன் வாசித்தவர்கள் மீதே பாய்ந்தது. எலிங்டனின் குழுவில் சேர்ந்த சில நாட்களிலேயே சக கலைஞருடன் மோதி வெளியேற்றப்பட்டார். 1962இல் ட்ரம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரை அடித்துப் பல்லை உடைத்தார். அந்த வழக்கில் தண்டிக்கவும் பட்டார். ஒடுக்குமுறை விளைவித்த காயம் இதற்கு விளக்கமாகலாம். நெப்பருக்கு அது நியாயமாகாது.

அதே 1962இல், தன்னை வெளியேற்றிய எலிங்டனுடனும் ரோச்சுடனும் அமர்ந்து 'மணி ஜங்கிள்' தொகுப்பைப் பதிவு செய்தார். 1963இல் 'தி பிளாக் செயிண்ட் அண்ட் தி சின்னர் லேடி' வந்தது. ஜாஸ் என்ற சொல்லையே அவர் வெறுத்தார். கருப்பினத்தவரின் படைப்பை இரண்டாம் தரமாக ஒதுக்கிவைக்க இடப்பட்ட பெயர் என்பது அவரது எண்ணம். தன்னை இசையமைப்பாளர் என்றே அழைக்க வேண்டும் என்றார்.

1966இல், இசைப்பள்ளி தொடங்க எண்ணியிருந்த நியூயார்க் குடியிருப்பிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். பாஸும் இசைத்தாள்களும் தெருவில் கிடந்ததை ஓர் ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. 1971இல் வெளியான தன் வரலாற்றுக்கு அவர் இட்ட பெயர் 'பினீத் தி அண்டர்டாக்': அடித்தட்டுக்கும் அடியில். 1977இல் நரம்புச் சிதைவு நோய் கண்டறியப்பட்டது. விரல்கள் செயலிழந்த பின்னும் வாயால் பாடிப் பதிவு செய்து இசையமைத்தார். 1979 ஜனவரி 5 அன்று மெக்ஸிகோவின் குவர்னவாகா நகரில், 56ஆம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படி மனைவி சூ மிங்கஸ் அவரது சாம்பலைக் கங்கையில் கரைத்தார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் 1957ஆம் ஆண்டின் 'ஹைட்டியன் ஃபைட் சாங்' பதிவிலிருந்து தொடங்கலாம். அடிமைகள் கிளர்ந்தெழுந்து குடியரசு அமைத்த ஹைட்டியின் பெயரைத் தாங்கிய இப்பாடல் பாஸின் தனிக்குரலோடு தொடங்குகிறது. பிற கருவிகள் அதைப் பின்தொடர்ந்தே வருகின்றன. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் பாஸின் தாழ்ந்த சுரங்கள் காணாமல் போகும். காதணிக் கருவியோடு கேட்பது நல்லது. அடுத்து, எலிங்டனும் பிளான்டனும் 1940இல் இருவராக வாசித்த பதிவுகள். பிறகு ஆஸ்கர் பெட்டிஃபோர்டு.

கடைசியாக 'எபிடாஃப்'. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும் இப்படைப்பின் பகுதிகளை 1962இல் நியூயார்க் டவுன் ஹாலில் அரங்கேற்ற மிங்கஸ் முயன்றார். போதிய ஒத்திகையின்றி அது சிதைந்தது. அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1989இல், அதே நகரில் குந்தர் ஷுல்லரின் தலைமையில் பெரும் இசைக்குழு அதை வாசித்தது. செல்லோ வாசித்த சிறுவனுக்கு நாடு மறுத்த இடத்தை இந்த அரங்கேற்றம் ஈடு செய்யாது. ஆனால் அவன் எழுதிவைத்த தாள்கள் காத்திருந்தன.