மகளின் மனமறிந்த பெரியாழ்வார்

வளர்ந்து நிற்கும் மகள் கண்ணாடி முன் நிற்கும் நேரம் திடீரென்று கூடுகிறது. நீங்கள் நாலு முறை கூப்பிட்டாலும் காதில் விழாதவள் போல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். காரணமில்லாமல் சிரிக்கிறாள், காரணமில்லாமல் கண் கலங்குகிறாள். பெற்ற வயிற்றில் புளியைக் கரைக்காதா என்ன?

சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தந்தையும் இப்படித்தான் தவித்தார். அவர் விஷ்ணுசித்தர். நாம் பெரியாழ்வார் என்று கொண்டாடும் மகான்! அவருடைய மகள் கோதை மனம் கொடுத்தது பரம்பொருளுக்கு. அந்தக் காதலை உலகக் காதலோடு ஒப்பிட முடியாது. ஆனால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த தந்தையின் தவிப்பு இருக்கிறதே... அது நம் வீட்டுத் தவிப்பேதான்!

கடவுளுக்கே கண்ணேறு கழித்தவர்

ஆனி மாதம் சுவாதி நட்சத்திரத்தில் அவதரித்தவர் விஷ்ணுசித்தர். கருடாழ்வாரின் அம்சம் என்பார்கள். நந்தவனம் அமைத்து, பூப்பறித்து, மாலை தொடுத்து, வடபத்ரசாயிப் பெருமாளுக்குச் சாற்றுவதே அவர் ஏற்றுக்கொண்ட கைங்கர்யம்.

ஒருநாள் கனவில் வந்த பெருமாள், மதுரைக்குப் போகும்படி கட்டளையிட்டார். அங்கே பாண்டிய மன்னன் வல்லபதேவனின் சபையில், பரம்பொருள் யார் என்று நிரூபிப்பவருக்காகப் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விஷ்ணுசித்தர் வேதங்களை எடுத்துச் சொல்லி நாராயணனே பரம்பொருள் என்று நிலைநாட்ட, கிழி தானாகவே அவர் முன் தாழ்ந்தது. மகிழ்ந்த மன்னன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் நடத்தினான். அதைக் காண, கருடன்மேல் பெருமாளே எழுந்தருளினார்!

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? வரம் கேட்போம். விஷ்ணுசித்தரோ பதறிப் போனார். இவ்வளவு அழகோடு இத்தனை பேர் நடுவில் வந்து நிற்கிறாரே, கண்பட்டுவிடாதா என்று கவலைப்பட்டார். பெருமாளுக்கே பல்லாண்டு பாடி வாழ்த்தினார். கடவுளைக்கூடக் குழந்தையாகப் பார்த்த அந்தத் தாய்மனத்தால்தான் அவர் 'பெரிய' ஆழ்வார் ஆனார்.

துளசி தந்த செல்வம்

ஓர் ஆடிப்பூர நன்னாள். நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தை! வாரி எடுத்து கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கண்ணன் கதைகளைச் சொல்லிச் சொல்லியே அவளைப் பேணினார். மகள் நெஞ்சில் அந்த விதையை ஊன்றியது தந்தையேதான்.

விதை முளைத்ததை அவர் முதலில் கவனிக்கவில்லை. பெருமாளுக்கென்று தொடுத்து வைத்த மாலையைத் தினமும் கோதை தான் சூடிப் பார்ப்பாள். அவனுக்கு நான் ஏற்றவளா என்று கண்ணாடியில் அழகு பார்ப்பாள். பிறகு அப்படியே கூடையில் வைத்துவிடுவாள். ஒருநாள் ஆழ்வார் இதைப் பார்த்துவிட்டார். ஆசாரம் தவறிவிட்டதே என்று கடிந்துகொண்டார். அன்று பெருமாளுக்கு மாலை சாற்றாமலே இருந்துவிட்டார்.

இரவு கனவில் வந்தார் பெருமாள். அவள் சூடிய மாலையின் மணம்தான் தமக்கு உகப்பு என்றார். அப்போதுதான் தந்தைக்கு விளங்கியது, மகள் செய்தது விளையாட்டு அல்ல என்று! தம் கோபம் பிழை என்று தெரிந்ததும் அதை அந்தக் கணமே விட்டுவிட்டார். மறுநாள் முதல் அவள் சூடிக் கொடுத்த மாலையே பெருமாளுக்குப் போயிற்று.

தாயாக மாறிப் பாடிய தந்தை

நாளாக ஆகக் கோதையின் ஏக்கம் பெருகியது. மார்கழி நோன்புக்குத் திருப்பாவை பாடினாள். கண்ணனோடு சேர்த்துவைக்க வேண்டிக் காமதேவனுக்கு நோன்பிருந்தாள். குயிலிடம் கெஞ்சினாள். திருவேங்கடத்துக்கு மேகங்களைத் தூது விட்டாள். யானைகள் சூழ அவன் வந்து தன் கைத்தலம் பற்றுவதாகக் கனவு கண்டு தோழியிடம் சொன்னாள். மனிதருக்கு என்று பேச்சு எடுத்தாலே உயிர் வாழமாட்டேன் என்று உறுதியாக நின்றாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களும் அந்த மனசுதான்.

தந்தை என்ன செய்தார்? அவர் அருளிய 473 பாசுரங்களில், ஒரு தாயின் குரலில் பாடிய இரண்டு பதிகங்களைப் படித்துப் பாருங்கள். பேதைப் பெண்ணைப் பெற்ற தாய் அதில் புலம்புகிறாள். உடம்பில் புழுதி போகவில்லை, உடை உடுத்தக்கூடத் தெரியவில்லை, விளையாட்டுச் சொப்பைக் கைவிடவில்லை, அதற்குள் இவள் மனம் மாலவனிடம் போய்விட்டதே என்கிறாள். மணல் வீடு கட்டச் சொன்னால் சங்கும் சக்கரமுமாகவே வரைகிறாளாம். நகை பூட்டிக் கண்ணாடி பார்க்கிறாள், வளையைக் குலுக்குகிறாள், உடையைத் திருத்துகிறாள், சட்டென்று சோர்ந்து போகிறாளாம். இப்படிப்பட்டவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்து என்ன பயன், அவனிடமே கொண்டு சேர்த்துவிடுங்கள் என்று முடிவுக்கு வருகிறாள் அந்தத் தாய்.

ஆழ்வார்கள் பெருமாள்மேல் கொண்ட தம் பக்தியையே இப்படித் தாய் பேச்சாகப் பாடுவது மரபுதான். ஆனாலும், படிக்கும்போது நமக்குக் கோதையின் நினைவு வராமல் போகுமா? வளையைக் குலுக்கியதையும் சோர்ந்ததையும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல, பக்கத்திலேயே இருந்து பார்த்த கண் வேண்டும்.

கோதையும் தந்தையை மறக்கவில்லை. பதிகத்தை முடிக்கும்போது தன்னை விஷ்ணுசித்தரின் மகளாகவே சொல்லிக்கொண்டாள். ஏக்கத்தின் உச்சியில்கூட, தன் அப்பா தம் பெருமாளை எப்படியாவது வரவழைத்தால் அவனைக் காணலாம் என்று அவரையே நம்பினாள். கடிந்தவரிடமே இந்த நம்பிக்கை எப்படி வந்தது? கடிந்ததற்குப் பிறகு அவர் மகளைப் புரிந்துகொண்டாரே, அதனால் வந்தது!

கொடுத்துவிட்டு நின்றவர்

திருமண வயது வந்தது. யாருக்கு உன்னைக் கொடுப்பது என்று கேட்டார் ஆழ்வார். பெருமாளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்றாள் கோதை. அவர் சிரிக்கவில்லை, நடக்கிற காரியமா என்று அடக்கவும் இல்லை. திவ்யதேசத்துப் பெருமாள்களின் பெருமைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அரங்கன் பெயரைக் கேட்டதும் கோதை மனம் குளிர்ந்தாள்.

இது எப்படிக் கைகூடும் என்று உள்ளுக்குள் அவர் மருகிய வேளையில், கோதையை அழைத்து வரும்படி அரங்கன் கனவில் அருளினான். பல்லக்கு வந்தது. திருவரங்கத்தில் கருவறைக்குள் நடந்த கோதை, அரங்கனோடு ஒன்றிக் கலந்தாள்.

மகளை அனுப்பிய வீட்டின் வெறுமை உங்களுக்குத் தெரியும். இரண்டாவது பதிகத்துத் தாயும் அதைத்தான் சொல்கிறாள். பனி விழுந்து கருகிய தாமரைப் பொய்கைபோல வீடு வெறிச்சோடிப் போயிற்றாம். ஒரே மகளைத் திருமகளைப் போல வளர்த்தாளாம். மாமியார் யசோதை அவளைக் கொண்டாடுவாளா, தயிர் கடைந்து கயிறு இழுத்து அவள் கை தழும்பேறிவிடுமோ என்றெல்லாம் கலங்குகிறாள். மாப்பிள்ளை பகவானே ஆனாலும் பெற்றவள் கவலை தீர்வதில்லை!

ஆழ்வார் பிற்காலத்தில் அழகர்மலையாம் திருமாலிருஞ்சோலைக்குச் சென்று, அங்கேயே திருநாடு அலங்கரித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சகோதரிகள் ஆண்டாள் சந்நிதியில் ஒன்றைக் கவனியுங்கள். மற்றத் தலங்களில் பெருமாளுக்கு எதிரே நிற்கும் கருடன், இங்கே ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருவறைக்குள்ளேயே கைகூப்பி நிற்கிறார். கருடாம்சமான பெரியாழ்வாரே மகளுக்கும் மருமகனுக்கும் அருகில் நிற்கிறார் என்று நினைத்துச் சேவியுங்கள். பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தின்போது சென்றால் இன்னும் விசேஷம்.

வளர்ந்த பெண்ணை, பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய்மார்கள் அங்கே அவரிடமே வேண்டிக்கொள்ளலாம். கோபம் வரும்போது அது தணியவும், பிள்ளை சொல்வதை முழுதாகக் கேட்கும் பொறுமை வரவும், எது நடந்தாலும் முதலில் அம்மாவிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருக்கவும் அவர் அருள்புரியட்டும்!