தரையில் பறந்த நீலப் பெட்டி

அத்திப்பட்டில் இருக்கும் ஒரு பையனுக்கு இன்று விமானம் ஓட்ட ஆசை வந்தால் மீனம்பாக்கம் போக வேண்டியதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். பேட்டரி சுவிட்ச் எது, பெட்ரோல் பம்ப் எது, எஞ்சின்களை எப்படிக் கிளப்புவது, சக்கரங்களை எப்போது உள்ளே இழுப்பது, எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பழகலாம். தப்பு செய்தால் விமானம் விழும். ஆனால் திரையில்தான் விழும்!

இந்த வித்தைக்கு வழி காட்டியவர் ஓர் ஆர்கன் செய்பவரின் மகன். பெயர் எட்வின் லிங்க்.

50 டாலர் பாடம்

லிங்க் 1904-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிங்காம்டன் நகரில் அவருடைய தந்தை பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஆர்கன் என்பது மாதா கோவில்களில் வாசிக்கும் பெரிய வாத்தியம். நம் ஆர்மோனியத்தைப் போல அதற்கும் துருத்திதான் உயிர்.

1920-ம் ஆண்டு, 16 வயதில், லிங்க் முதல் விமானப் பாடத்துக்கு 50 டாலர் கட்டினார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. விமானம் குட்டிக்கரணம் போட்டது, சுழன்றது, இறங்கியது. லிங்க் கைப்பிடியைத் தொடவே இல்லை! பாடம் அவ்வளவுதான்.

பணக்காரர்கள்தான் பறக்க முடியுமா? கற்றுக்கொள்ள வந்தவன் உயிரைப் பணயம் வைக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1927-ம் ஆண்டு வாக்கில் தந்தையின் தொழிற்சாலை நிலவறையில் வேலையை ஆரம்பித்தார். கையில் இருந்த சாமான்கள் ஆர்கன் துருத்திகள், வால்வுகள், காற்று பம்ப். ஒரு சின்ன விமானம் போல மரப்பெட்டி செய்து, துருத்திகளின் மேல் உட்கார வைத்தார். உள்ளே கைப்பிடியை அசைத்தால் துருத்திகள் சுருங்கும், உப்பும். பெட்டி மூக்கைத் தூக்கும், சாயும், திரும்பும். 1929-ல் அது தயாராகிவிட்டது. சகோதரர் ஜார்ஜை அதிலேயே பழக்கினார்.

யாரும் வாங்கவில்லை. பொருட்காட்சித் திடல்காரர்கள்தான் வாங்கினார்கள். காசு போட்டு ஆடும் ராட்டினமாயிற்று லிங்கின் விமானம்! அவரும் பேட்டண்ட் பத்திரத்தில் பயிற்சிக் கருவி, வேடிக்கைக் கருவி என்று இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார். கெட்டிக்காரர்.

காது சொல்லும் பொய்

1934-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்திடம் விமானத் தபால் வேலை ஒப்படைக்கப்பட்டது. கடுங்குளிர், மூடுபனி, இரவு. அந்த வேலை முடிவதற்குள் விமானப் படையினர் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

காரணம் என்ன? ராட்டினத்தில் சுற்றி இறங்கியவனுக்கு, நின்ற பிறகும் பூமி சுற்றுவது போல் இருக்கிறதல்லவா? மேகத்துக்குள் விமானிக்கும் அதே கதி. விமானம் சாய்ந்திருக்கும், நேராகப் போவதாகக் காதுக்குள் இருக்கும் உறுப்பு சொல்லும். அதை நம்பினால் சாவு. எதிரில் உள்ள முட்களைத்தான் நம்ப வேண்டும். உயரம் காட்டும் முள், வேகம் காட்டும் முள், திருப்பம் காட்டும் முள். உடம்பை நம்பாதே, முள்ளை நம்பு என்று பழக்குவது லேசான காரியமா?

லிங்கின் பெட்டி அதைத்தான் பழக்கியது. மூடியை இழுத்து மூடினால் உள்ளே கும்மிருட்டு. மாணவனுக்குக் கருவிகள் மட்டும் தெரியும். வெளியே மேஜையருகில் ஆசிரியர். மேஜை மீதுள்ள வரைபடத்தில் நண்டு போன்ற ஒரு சிறு வண்டி ஊர்ந்து, மாணவன் போன வழியை மையால் கோடு போட்டுக் காட்டும். தப்பு எங்கே நடந்தது என்பதை மறைக்க முடியாது.

ராணுவ அதிகாரிகள் லிங்கைச் சந்திக்க நெவார்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். மழையும் மூடுபனியுமாக இருந்ததால் அவர் வரமாட்டார் என்று எண்ணினார்கள். லிங்க் வந்து இறங்கினார், முட்களைப் பார்த்தே பறந்து! ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. விலை ஒன்றுக்குச் சுமார் 3,500 டாலர்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 10,000-க்கு மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. 5 லட்சம் பேர் அவற்றில் பழகியதாகக் கணக்கு. பெட்டியின் நிறத்தால் அதற்கு நீலப் பெட்டி என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் கடற்படையும் யுத்தத்துக்கு முன்பே அதை வாங்கியிருந்தது.

யுத்தத்துக்குப் பிறகு பயணி விமானங்கள் பெரிதாயின. சுவிட்சுகளும் பெருகின. 1948-ல் பான் ஆம் கம்பெனிக்காக, போயிங் 377 விமானியின் அறை முழுவதையும் போலவே ஒரு கருவியை, கர்ட்டிஸ்-ரைட் என்ற வேறு கம்பெனி செய்து கொடுத்தது. எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதைக்கூட அதில் பழகலாம்.

கடலில் போன மகன்

லிங்கின் மனம் பிறகு கடலுக்குப் போயிற்று. 1954-ல் கம்பெனியை வேறு நிறுவனத்துடன் இணைத்துவிட்டு, ஆழ்கடலில் மனிதன் தங்கி வேலை செய்யும் வழிகளை ஆராய்ந்தார். சின்ன நீர்மூழ்கி ஒன்றையும் உருவாக்கினார்.

1973-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி புளோரிடா கடலில் அந்த நீர்மூழ்கி, மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலின் கம்பிகளில் சிக்கிக்கொண்டது. உள்ளே நான்கு பேர். ஒரு நாளைக்கு மேல் போராடி மீட்டார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் லிங்கின் மகன் கிளேட்டன். வயது 31.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆகாயத்தில் சாகாமல் காப்பாற்றிய தகப்பனால் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

லிங்க் அழுதுகொண்டு உட்காரவில்லை. அப்போது அவருக்கு வயது 68. கடலடியில் சிக்கிய நீர்மூழ்கியை மீட்க, ஆளில்லாமல் கேபிளில் இறங்கும் ஒரு கருவியைச் செய்தார். அதில் கேமரா இருந்தது. கம்பியை வெட்டும் கையும் இருந்தது.

1981-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, துருத்திப் பெட்டி பிறந்த அதே பிங்காம்டன் நகரில், 77-வது வயதில் லிங்க் காலமானார்.