தலைமையாசிரியரை உயர்த்திய மருத்துவர்

ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் 1887ஆம் ஆண்டு கர்நூலில் பிறந்தார். இரட்டையரான இராமசாமி முதலியாரும் பெரும்புகழ் பெற்றவரே. மகப்பேறு மருத்துவத்தில் இவர் எழுதிய நூல் பல பதிப்புகளைக் கண்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக இருந்தவர், 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

எனினும் பள்ளிகள் அவரை நினைவுகூர்வது வேறொரு பணிக்காக. 1952இல் நடுவண் அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர். மறு ஆண்டு வெளிவந்த அறிக்கை பாடம், தேர்வு எனப் பலவற்றை ஆராய்ந்தது. ஆயினும் பள்ளியின் நற்பெயர் தலைமையாசிரியரைப் பெரிதும் சார்ந்தது என்று துணிந்துரைத்ததே அதன் தனிச்சிறப்பு எனலாம். தகுதியுடையோர் அப்பொறுப்பை விரும்பி ஏற்குமாறு ஊதியத்தை உயர்த்தவும், பள்ளியொன்றில் 750 மாணவருக்கு மேல் சேர்க்காதிருக்கவும் அது பரிந்துரைத்தது. ஆய்வாளர் குறைகாண்பவராக அன்றி வழிகாட்டியாக வரவேண்டும் என்றது. ஆய்வுக் குழுவில் தலைமையாசிரியர்களுக்கும் இடமளித்தது. சவ்வாது மலையடிவாரப் படவேடு போன்ற, தலைநகருக்குத் தொலைவான ஊர்களை எண்ணினால் இதன் அருமை புலப்படும்.

கல்வி அன்று மாநிலப் பட்டியலில் இருந்தமையால், பரிந்துரைகளை ஏற்பதும் விடுப்பதும் மாநிலங்களின் கையில் இருந்தன. 1969இல் அவர் விட்டகன்ற துணைவேந்தர் பொறுப்பை ஏற்றவர், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை முன்னின்று நடத்திய நெ.து. சுந்தரவடிவேலு. முதலியார் 1974இல் மறைந்தார்.