தொரப்பள்ளி கற்பிக்கும் நம்பிக்கை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அரசு பராமரிக்கும் நினைவு இல்லம் ஒன்று உள்ளது. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த வீடு அது. கவர்னர் ஜெனரலாக உயர்ந்தவர் என்றே பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்கிறோம். எனக்கோ அவர் வகித்த பதவிகளைவிட, இழப்புகளுக்கு நடுவிலும் கைக்கு எட்டிய நன்மையைச் செய்துவந்த அவரது இயல்பே பெரிதாகத் தோன்றுகிறது.

கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்து, ஓசூர் அரசுப் பள்ளியில் பயின்று, சேலத்தில் பேர்பெற்ற வழக்கறிஞரானவர் அவர். 40 வயதை எட்டுவதற்குள் மனைவியை இழந்தார். ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும், ஆஸ்துமாவும் உடனிருந்தன. ஆயினும், ஒத்துழையாமை இயக்கத்துக்காக வருவாய் மிக்க தொழிலைத் துறந்து வேலூர் சிறைக்குச் சென்றார்.

1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, அங்கேயே குடியேறினார். வறட்சியால் வாடிய பகுதி அது. பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக் கூலி தருவதே அங்கு முதன்மைப் பணி. தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்குப் பிரசாரமும் உடன் நடந்தன. மதுவின் தீமையை விளக்க 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார்.

1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அம்மாவட்டத்தில் அடங்கியவை. அரசு இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது.

1971-இல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது அவருக்கு வயது 92. வாழ்நாள் உழைப்பு கலைவதை அவர் கண்ணெதிரே கண்டார். அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? நான் அவ்வாறு கருதவில்லை. சட்டத்தை மாற்றலாம்; நூல் விற்ற கூலியில் அன்று ஒரு வீட்டில் பொங்கிய சோற்றை யாராலும் திரும்பப் பெற முடியாது.

அவருடைய எல்லா முடிவுகளும் ஏற்கத்தக்கவை அல்ல. 1953-இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம் குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று எழுந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால், மனந்தளராமையை அவரிடம் கற்கலாம். 83 வயதில் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி அமெரிக்கா சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதினார். இத்தனை இழப்புகளுக்குப் பிறகும், 'குறை ஒன்றும் இல்லை' என்ற பாடலை இயற்ற முடிந்ததென்றால், அந்த மனநிறைவின் ஊற்று இறைநம்பிக்கையன்றி வேறென்ன?

இன்று ஓசூர் ஆலைகளின் நகரம். பிழைப்புக்காகப் பல மாநிலத்தவரும் வந்து குவிகின்றனர். மாதக் கூலியில் பாதி மதுக்கடையில் கரையும் வீடுகளை இங்கு நாம் அறிவோம். அரசு ஒருநாள் அக்கடைகளை மூடட்டும். அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மொழி தெரியாத தொழிலாளிக்கு மருத்துவமனையில் வழிகாட்டலாம். குடியால் நொடித்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் செலுத்தலாம். விளைவை இறைவனிடம் விட்டுவிட்டு இன்றைய நன்மையை இன்றே செய்பவருக்கு நம்பிக்கை வற்றுவதில்லை. தொரப்பள்ளி வீடு நமக்குச் சொல்வது இதுவே.